வரிசையில் நின்ற நேரத்துக்குக் கட்டம் இல்லாத மென்பொருள்

திருவொற்றியூரில் டிரெய்லர் லாரிகளை ஓட்டும் ஒரு குடும்ப நிறுவனத்தில் 1998 இல் எல்.ஆர். (லாரி ரசீது) எழுதும் கிளார்க்காகச் சேர்ந்தேன். இன்று அதே இடத்தில் மேலாளராக இருக்கிறேன். எங்களிடம் 41 டிரெய்லர்கள் ஓடுகின்றன. சாத்தாங்காட்டுப் பக்கம் ஒரு யார்டு உண்டு. 2022 இல் பெரிய மென்பொருள் ஒன்றை வாங்கினோம். ஏறத்தாழ பதினெட்டு மாதங்களில் அதைக் கைவிட்டோம். அந்த முடிவை எப்படி எடுத்தோம், அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதை, இதே போன்ற முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன். மென்பொருளை விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. தவற்றில் பெரும்பங்கு எங்களுடையது. அதிலும் ஒரு நல்ல பகுதி என்னுடையது.

எங்கள் தொழிலைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் 1983 இல் கொள்கலன் முனையம் வந்தது. அதன் பிறகு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை டிரெய்லர் தொழில் வேர்பிடித்தது. துறைமுகத்தில் கொள்கலனை, எங்கள் பேச்சில் பெட்டியை, ஏற்றி சி.எஃப்.எஸ். எனும் கொள்கலன் சரக்குக் கிடங்குக்கோ, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கோ கொண்டுபோவது, எம்ப்டியை (காலிப் பெட்டியை) திருப்பிக் கொண்டுவருவது, ஏற்றுமதிப் பெட்டியை உள்ளே சேர்ப்பது ஆகியவைதான் எங்கள் வேலை. வாடகையில் டீசல், பேட்டா (ஓட்டுநரின் படி), டயர், வண்டித் தவணை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் காப்பாற்றுவது ஹால்டிங். அதாவது, எங்கள் தவறு இல்லாமல் வண்டி நின்றுவிட்டால், முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், தர வேண்டிய தொகை. அதைக் கேட்டு வாங்க ஆதாரம் வேண்டும். வண்டி வரிசையில் சேர்ந்த நேரம், கேட்டுக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், நின்றதற்கான காரணம் ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால் பணம் வரும். இல்லாவிட்டால் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற பதில்தான் வரும்.

இந்த நான்கையும் பல ஆண்டுகளாக எழுதி வந்தவர் எங்கள் கேட் எழுத்தர். எல்லோரும் அவரைக் கணக்குப்பிள்ளை என்றே அழைப்போம். நீளமான கோடு போட்ட நோட்டில் வண்டி எண், பெட்டி எண், மூன்று நேரங்கள், கடைசியாகக் ‘காரணம்’ என்ற குறுகிய கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்துத்தான் எழுதுவார்: ‘வ’ என்றால் வரிசை, ‘பே’ என்றால் பேப்பர் வரவில்லை, ‘கி’ என்றால் கிரேன் இல்லை, ‘தூ’ என்றால் ஓட்டுநர் தூங்கிவிட்டார். ‘தூ’ போட்ட நாளுக்கு நாங்கள் பார்ட்டியிடம் ஹால்டிங் கேட்பதில்லை. எங்கள் பில்லைப் பார்ட்டிகள் அதிகம் கிளறாமல் ஒப்புக்கொண்டதற்கு அந்த ‘தூ’தான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

2022 இல் மூன்று பக்கங்களிலிருந்து நெருக்கடி வந்தது. பெரிய பார்ட்டி ஒன்று தன் டெண்டரில், வண்டி எங்கே இருக்கிறது என்பதை நேரலையில் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பக்கத்து யார்டுக்காரர் ஏற்கெனவே ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டார். எங்கள் முதலாளியின் மகள் மேலாண்மைப் படிப்பை முடித்து, வேறொரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். டெமோ நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நடந்தது. திரையில் வரைபடம் விரிந்து, பச்சைப் புள்ளிகளாக லாரிகள் நகர்ந்தபோது, 1980களில் ஒரே லாரியோடு தொடங்கிய எங்கள் முதலாளியின் முகத்தை நான் பார்த்தேன். அப்போதே முடிவு ஆகிவிட்டது. பிறகு நடந்த மூன்று வாரப் பேச்சு விலையைப் பற்றியது மட்டும்தான். 14 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டோம். வண்டிக்கு இவ்வளவு என்ற மாதக் கட்டணம் தனி.

அந்த அறையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: ஹால்டிங்கை இதில் எங்கே எழுதுவது? கேட்கவில்லை. கேட்டால் பழைய ஆள், புதியது வேண்டாம் என்கிறார் என்று மகள் நினைத்துக்கொள்வாரோ என்ற கூச்சம். கேட்டிருந்தால் 14 லட்சமும் மிஞ்சியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கும், அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அலுவலகத்தில் தொழில்நுட்பம் பற்றிய கூட்டம் என்றால், அனுபவம் உள்ளவர்கள் வாயை மூடிக்கொள்வது நான் பல இடங்களில் பார்த்த பழக்கம். கூட்டத்தை நடத்துபவர் அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய அந்த வாய் திறக்காது.

இன்னொரு தவறான கணக்கும் என் தலையில் இருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2018 இல் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வந்தது, 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஒவ்வொன்றும் வந்தபோது பயந்தோம். ஒவ்வொன்றும் சில மாதங்களில் பழகிவிட்டது. எனவே இதுவும் அப்படித்தான் என்று எண்ணினேன். அவற்றுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பின்னால்தான் புரிந்தது. அவற்றில் எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பதை அரசு முடிவு செய்து கொடுத்தது; பார்ட்டி, ஓட்டுநர், வழியில் நிறுத்தும் அதிகாரி என எல்லோர் கையிலும் அதே படிவம் இருந்தது. சொந்தமாக வாங்கும் மென்பொருளில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். நாங்கள் அதைச் செய்யாமல், விற்பவரின் படிவத்தை எங்கள் தொழில் என்று ஏற்றுக்கொண்டோம்.

முதல் மாதமே உராய்வு தெரிந்தது. ஓட்டுநர்கள் ஒவ்வொரு இடத்திலும் செயலியில் பொத்தான் அழுத்த வேண்டும். காசிமேட்டைச் சேர்ந்த எங்கள் மூத்த ஓட்டுநர் ஒருவர், “இன்னா சார், இம்மாம் பட்டன் கீது, நான் வண்டிய ஓட்றதா, இத்த அமுக்கறதா?” என்று கேட்டார். சிரித்தோம், சிரித்திருக்கக் கூடாது. அழுத்துவதால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, அழுத்தத் தவறினால் கிடைப்பது திட்டு மட்டும். ஆகவே பல ஓட்டுநர்கள் யார்டுக்குத் திரும்பி வந்த பிறகு எல்லாப் பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினார்கள். திரையில் எங்கள் வண்டிகள் துறைமுகத்திலிருந்து ஒரகடம் வரை ஒரே நிமிடத்தில் பறந்தன.

அடுத்தது வண்டி மாறும் சிக்கல். சாத்தாங்காட்டிலிருந்து ஓசூருக்கு இரும்பு ஏற்றிப் போன டிரெய்லர் ஆம்பூர் அருகே பழுதானது; லோடை வேறு வண்டிக்கு மாற்றினோம். இ-வே பில்லில் இதற்கு வழி இருக்கிறது: பகுதி ‘பி’யில் புதிய வண்டி எண்ணைப் பதிந்தால் போதும். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடி உண்டு. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டித்துக்கொள்ளவும் முடியும். எங்கள் மென்பொருளில் மட்டும் ஒரு ட்ரிப்புக்கு ஒரு வண்டிதான். இரண்டாவது வண்டிக்குப் புதிய ட்ரிப் திறக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரே லோடுக்கு இரண்டு வாடகை காட்டியது. டீசல் கணக்கு ஒரு வண்டியில் பூச்சியமாகவும் மற்றதில் இரட்டிப்பாகவும் நின்றது. அந்த மாத லாப அறிக்கையை நம்பி முதலாளி ஒரு வண்டியை விற்றுவிடலாமா என்று யோசித்தார். நல்லவேளையாக விற்கவில்லை.

ஆனால் உண்மையான இழப்பு வேறு இடத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. எட்டாவது மாதத்தில் ஒருநாள் கணக்குப்பிள்ளை தன் நோட்டோடு என் மேசைக்கு வந்தார். நோட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. “சார், போன மாசம் நம்ம நோட்டுல 63 ஹால்டிங் இருக்குது. பில்லுல 19 தான் போயிருக்குது” என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மென்பொருளில் ‘புறப்பாடு’, ‘வந்தடைதல்’ என்ற இரண்டு நேரங்கள்தான் இருந்தன. வண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையின் வாலில் சேர்வதற்கும் கேட்டுக்குள் நுழைவதற்கும் இடைப்பட்ட நேரம் அதில் பயண நேரமாகவே கணக்கானது. வரிசையில் நிற்பது என்ற நிகழ்ச்சியே அதன் உலகத்தில் இல்லை. எங்கள் லாபம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது அந்த இடைவெளியில்தான். விற்பனையாளரிடம் கேட்டோம். கூடுதல் கட்டம் சேர்க்க இரண்டரை லட்சமும் நான்கு மாதமும் ஆகும் என்றார். அதற்குள் எங்கள் பில் எழுத்தர் நோட்டைப் பார்த்து எக்செல்லில் தனியாக ஹால்டிங் பட்டியல் போடத் தொடங்கியிருந்தார். ஒரு மென்பொருளைச் சுற்றி இப்படி நோட்டும் எக்செல்லும் முளைப்பதுதான் அது தோற்றுவிட்டதற்கு முதல் அடையாளம். அந்த முளைகளைக் கிள்ளிப்போடாமல், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

இதற்கிடையில் 2023 இல் இன்னொரு விற்பனையாளர் வந்தார். ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் பில்) கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம் என்று பயமுறுத்தினார். தேதியும் தொகையும் சரிதான். சரக்குப் போக்குவரத்து முகமைகளுக்கு அதில் விலக்கு உண்டு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எங்கள் ஆடிட்டரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் அது தெளிவானது. அன்றிலிருந்து, தொழில்நுட்பம் பற்றி வரும் எந்த யோசனையையும் முதலில் மூன்றில் ஒன்றாகப் பிரிக்கிறோம்: சட்டம் கேட்பதா, பார்ட்டி கேட்பதா, நமக்கே ஆசையா? சட்டம் கேட்பது என்றால் ஆடிட்டர் உறுதி செய்ய வேண்டும், விற்பவர் அல்ல. பார்ட்டி கேட்பது என்றால், அதற்காக வாடகை கூட்டித் தருவாரா அல்லது லோடு கூட்டித் தருவாரா என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஆசை என்றால் தவறில்லை. ஆனால் அதற்கு ஆசைக்குரிய அளவு பணம்தான் ஒதுக்க வேண்டும். 2022 இல் நாங்கள் பார்ட்டி கேட்டதாகச் சொல்லி ஆசைக்கு வாங்கினோம். அந்த டெண்டரில் கேட்டது வண்டி இருக்கும் இடம் மட்டுமே. அதற்கு ஒரு ஜி.பி.எஸ். கருவி போதும்.

பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அலுவலகத்தின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் எண்ணெயும் கலந்து வந்ததை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் சர்வர் தரைத்தளத்தில்தான் இருந்தது. அதை அங்கே வைக்கச் சொன்னவன் நான். நம் தரவு நம் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும், இன்டர்நெட்டில் வைக்கக் கூடாது என்று 2022 இல் பிடிவாதம் பிடித்தேன். காப்புப் பிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தது. கணக்குப்பிள்ளையின் நோட்டுகள்தான் எங்களைக் காப்பாற்றின என்று எழுத ஆசைதான், அவையும் கூழாகிவிட்டன. மிஞ்சியது ஒன்றுதான். இரவு தோறும் அவர் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து, பில் எழுத்தருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வந்திருந்தார். கொருக்குப்பேட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அந்தப் பெண்ணின் கைப்பேசியிலிருந்துதான் நவம்பர் மாத பில்களை மீண்டும் போட்டோம்.

2024 ஜனவரியில் மென்பொருளைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பேச உட்கார்ந்தோம். இந்த முறை கூட்டத்தை யார்டில் வைத்தோம். கணக்குப்பிள்ளை, பில் எழுத்தர், இரண்டு ஓட்டுநர்கள், ஆடிட்டர் ஆகியோரும் வந்தார்கள். முதலாளியால் மனம் ஆறவில்லை. “பதினாலு லட்சம் போட்டாச்சேய்யா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகள்தான், “அப்பா, அது போன பணம். இனிமே மாசா மாசம் போறதை மட்டும் பாருங்க” என்றார். தான் கொண்டுவந்த ஒன்றைத் தானே நிறுத்தச் சொல்வது எளிதல்ல. என் மதிப்பில் அவர் அன்றுதான் முதலாளி ஆனார்.

அந்தக் கூட்டத்தில் செய்த ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குச் செலவே கிடையாது. முந்தைய வாரத்தின் மிக மோசமான ஒரு ட்ரிப்பை எடுத்துக்கொண்டோம்: ஏற்றுமதிப் பெட்டி, அதைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான ஃபார்ம் 13 வரத் தாமதம், வரிசையில் ஒன்றரை நாள், நடுவில் ஓட்டுநர் மாற்றம், கடைசியில் ஹால்டிங் தகராறு. அதில் உருவான ஒவ்வொரு காகிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள் கேட்டோம். இதை யார் எழுதினார்? யார் பயன்படுத்தினார்? எழுதியவருக்கு அதனால் என்ன கிடைத்தது? பதினொரு காகிதங்களில் நான்கை யாருமே பயன்படுத்தவில்லை. ஹால்டிங்குக்கு உயிரான இரண்டு காகிதங்களை எழுதுபவருக்கு எந்தப் பயனும் இல்லை. எங்கள் சிக்கல் மென்பொருளில் இல்லை என்பது அந்த மேசையில் தெரிந்தது.

ஆகவே முதலில் மாற்றியது பணம் போகும் வழியை. வரிசையில் சேர்ந்ததும் ஒரு படம், கேட்டில் நுழையும்போது ஒரு படம், வெளியே வரும்போது இ.ஐ.ஆர். சீட்டின் (பெட்டி கைமாறியதற்கான ரசீதின்) படம், இந்த மூன்றையும் அனுப்பும் ஓட்டுநருக்கு அன்று மாலையே யு.பி.ஐ.யில் பேட்டா போய்விடும். ஹால்டிங் பில் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்கு ஒரு நிலையான தொகை தனியாக உண்டு. முன்பு பேட்டா வார இறுதியில், அதுவும் கணக்குப் பார்த்துக் கழித்துக் கொடுக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் படங்கள் தவறாமல் வரத் தொடங்கின. பட்டனைக் கேலி செய்த அதே மூத்த ஓட்டுநர், படம் அனுப்பிப் பத்து நிமிடம் ஆகியும் பணம் வரவில்லை என்று என்னிடம் சண்டை போட்டார்.

அதற்குப் பிறகுதான் மென்பொருள். ஜி.பி.எஸ்.ஸை மட்டும் வைத்துக்கொண்டோம். பார்ட்டி கேட்பதும் அதுதான், படத்தின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவுகிறது. மூலக்கடையில் இரண்டு இளைஞர்கள் நடத்தும் சிறிய நிறுவனம் ஒன்றிடம் பில் போடும் நிரலை வாங்கினோம். விலை பேசும் முன் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தோம். ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் கூடாது. மாதக் கடைசியில் எல்லாத் தரவையும் எக்செல்லாக நாங்களே, அவர்களைக் கேட்காமல், இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். தரவு கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஓட்டுநர்களின் லைசென்ஸ், ஆதார் நகல்கள் யார் யார் கண்ணில் படும் என்று எழுதித் தர வேண்டும், 2023 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு இதை அசட்டையாக விட முடியாது. எங்கள் தரப்பிலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம்: ஆறு மாதத்தில் நோட்டின் ஹால்டிங் எண்ணிக்கையும் பில்லின் எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால் நிறுத்திவிடுவோம். நிறுத்தும் தேதியை வாங்கும் அன்றே எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து யாருடைய மானமும் போகாது. ஐந்தாவது மாதத்தில் இரண்டும் பொருந்தின.

கடந்த ஆண்டு செயற்கை நுண்ணறிவு எங்கள் யார்டுக்கும் வந்து சேர்ந்தது. சீட்டுப் படங்களைத் தானே படித்துப் பதிவு செய்யும் என்றார் விற்பனையாளர். அவர் கொண்டுவந்த மாதிரிகளை ஒதுக்கிவிட்டு, மழைக்காலத்தில் நனைந்தவை, கிரீஸ் படிந்தவை, டேஷ்போர்டில் வெயிலில் வெளுத்தவை என்று எங்கள் சீட்டுகள் 200 ஐப் பொறுக்கிக் கொடுத்தோம். அச்சிட்ட எழுத்தை நன்றாகவே படித்தது. கணக்குப்பிள்ளையின் ‘வ’வைப் பல இடங்களில் ‘பே’ என்றது. அது எங்களுக்குச் சிறிய பிழை அல்ல. வரிசைக்கு ஒரு விதமாகவும் பேப்பர் தாமதத்துக்கு வேறு விதமாகவும் பார்ட்டிகள் பணம் தருகிறார்கள். ஆனால் பெட்டி எண்ணில் ஒரு வசதி இருந்தது. கொள்கலன்களுக்கு எண் இடும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6346 முறைப்படி நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் பெரும்பாலும் கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே தவறு தானாக வெளியே தெரியும் இடத்தில் மட்டும் இயந்திரத்தை விடுவது என்று முடிவு செய்தோம்: பெட்டி எண்ணை அது படிக்கிறது, தொகையையும் காரணத்தையும் மனிதர் பதிகிறார். இதனால் பில் எழுத்தருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. விற்பனையாளர் சொன்ன அளவுக்கு இல்லை. நாங்கள் கொடுக்கும் கட்டணத்துக்கு இது கட்டுப்படியாகிறது.

கணக்குப்பிள்ளை வரும் ஜூனில் ஓய்வு பெறுகிறார். மூலக்கடைப் பையன்கள் ‘காரணம்’ என்பதற்கு நான்கு பொத்தான்கள் வைத்துவிட்டார்கள். அழுத்துபவர் யாராக இருந்தாலும் வேலை நடக்கும் என்கிறார்கள். முதலாளி அதை ஒப்புக்கொள்ளவில்லை. தூங்கிப்போன ஓட்டுநருக்கு ‘தூ’ போடும் ஆள் வேண்டும், ஹால்டிங் தொகையில் ஓட்டுநருக்கும் பங்கு வந்துவிட்ட பிறகு அது முன்பைவிடக் கடினம் என்கிறார். இரண்டு பேரைப் பார்த்திருக்கிறோம். ஒருவர் கணினி நன்றாகத் தெரிந்தவர், மற்றவர் பதினைந்து ஆண்டுகள் டிரெய்லர் ஓட்டியவர். இந்த மாதம் முழுவதும் இருவரும் கேட்டில் கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு நோட்டு எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் மூன்று நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் போகிறோம்.